புதுப்பிப்பு: எலாஸ்டிக் மணி வளையல் அறுந்துபோகும் பிரச்சினை தீர்ந்தது

பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி. புதிதாகப் படிப்பவர்களுக்கு: நான் கோக்கும் கல்மணி வளையல்கள் இரண்டு மூன்று வாரத்திலேயே அறுந்துகொண்டிருந்தன. முடிச்சுதான் காரணம் என்று நினைத்து, அதன்மேல் சூப்பர் குளூவை தாராளமாக ஊற்றிக்கொண்டிருந்தேன்.

“அறுந்த இடம் எது என்று முதலில் பாருங்கள்” என்று ஒருவர் சொன்னாரே, அதுதான் கைகொடுத்தது. அறுந்த ஐந்தை எடுத்துப் பார்த்தேன். மூன்று, உலோக இடைமணிக்குப் பக்கத்தில் அறுந்திருந்தன. அதன் துளை விளிம்பு பிளேடு மாதிரி கூர்மை! மற்ற இரண்டும் பசை இறுகிய இடத்தில். சூப்பர் குளூ காய்ந்தால் எலாஸ்டிக் விறைத்து, இழுக்கும்போது முறிந்துவிடுகிறது. நான் வலு சேர்ப்பதாக நினைத்து வைத்ததே வினையாகிவிட்டது.

இப்போது துளைகளை நனைத்து, வைர முனை ஊசியால் தேய்த்து, கூர்மையை மழுக்குகிறேன். சலிப்பான வேலைதான், ஆனால் தவிர்க்க முடியாது. 0.5 மி.மீ. நூலை விட்டு 0.8 மி.மீ.க்கு மாறினேன். கோப்பதற்கு முன் நான்கைந்து முறை நன்றாக இழுத்துவிடுகிறேன். இல்லாவிட்டால் பிறகு தளர்ந்து இடைவெளி தெரியும். சர்ஜன் முடிச்சு (சாதாரண முடிச்சில் ஒரு சுற்று கூடுதலாகச் சுற்றிப் போடுவது), அதன்மேல் காய்ந்தாலும் வளையும் நகைப் பசை ஒரே ஒரு சொட்டு, ஒரு நாள் காயவிடுவது. அவ்வளவுதான்.

நான்கு மாதமாக ஒன்றும் அறுந்துபோகவில்லை. எதிர்பாராத ஒரு சிக்கல்: தடித்த நூல் சிறிய முத்துகளில் நுழையவே இல்லை. அவற்றுக்கு மட்டும் எலாஸ்டிக்கை விட்டு, கம்பி இழையும் கொக்கியும் போட்டேன்.