இரவு ஆன்மச் சோதனை வெறும் குற்றக் கணக்காகிவிடுகிறது: வழி சொல்வீர்களா?

அனைவருக்கும் வணக்கம். முப்பது நாள் தனித்திருக்க இயலாதவர்களுக்கெனப் இயேசு சபையை நிறுவிய புனித இஞ்ஞாசியார் தம் ‘ஆன்மிகப் பயிற்சிகள்’ நூலின் 19ஆம் முன்குறிப்பில் காட்டியுள்ள வழியில், அன்றாட வேலைகளுக்கிடையே நாள்தோறும் ஒன்றரை மணி நேரம் ஒதுக்கி, நான்கு மாதங்களாகப் பயிற்சி செய்து வருகிறேன். காலைத் தியானம் ஓரளவு கைகூடியிருக்கிறது. அன்றைய நாளை இறைவன் முன் திரும்பிப் பார்க்கும் செபமாக இரவில் செய்யும் ஆன்மச் சோதனைதான் இடறுகிறது.

நன்றி கூறுதல், ஒளி வேண்டுதல், நாளைத் திரும்பிப் பார்த்தல், மன்னிப்புக் கேட்டல், திருந்த உறுதி கொள்ளுதல் என்ற ஐந்து படிகளையும் அறிவேன். ஆயினும் மூன்றாம் படியில் நான் கணக்குப்பிள்ளையாகிவிடுகிறேன். நேற்று உடன் பணியாற்றுபவரிடம் சிடுசிடுத்ததை நோட்டில் தவறாமல் குறித்துக்கொண்டேன். அதே மனிதர், நான் பாதியில் விட்டுப்போன கோப்பை மாலையில் தாமே முடித்து என் மேசைமேல் வைத்திருந்தது படுத்த பிறகே நினைவுக்கு வந்தது. நன்றி கூறும் முதல் படியைக் கடமைக்காகத் தாண்டிவிடுகிறேனோ என்று ஐயுறுகிறேன்.

மற்றொன்று: ஆன்ம வறட்சியில், அதாவது செபத்தில் சுவையின்றி இறைவன் தொலைவில் இருப்பதாகத் தோன்றும் நிலையில் இருக்கும்போது, முன்பு எடுத்த முடிவை மாற்றலாகாது என்பது இஞ்ஞாசியார் தரும் விதி. ஆனால் பத்து மணிக்குக் கண்ணைச் சுழற்றும் வெறும் களைப்பையும் வறட்சியையும் எப்படிப் பிரித்தறிவது? இது தெரியாமல், சோதனையை மாலைக்கு மாற்றவும் தயங்குகிறேன். (வழிகாட்டியை அடுத்த மாதம்தான் சந்திக்க முடியும்.) நெடுநாள் பழகியவர்கள், இந்த ஐந்து படிகளில் எதற்கு எவ்வளவு நேரம் கொடுக்கிறீர்கள், எழுதி வைக்கிறீர்களா என்பதைத் தெரிவித்தால் பேருதவியாக இருக்கும்.