பிள்ளையை யார்கிட்ட விட்டுட்டுப் போறது?

வார்டு உறுப்பினர், தர்மபுரி மாவட்டம்:

ஜனவரி 26 கிராம சபைக்கு முன்னால் ஊராட்சி வளர்ச்சித் திட்டம் எழுத உட்கார்ந்தோம். சின்னப் பிள்ளைகளுக்கு என்ன வேண்டும் என்று கேட்டதற்கு, பால்வாடிக்குக் காம்பவுண்டுச் சுவர் என்று பத்துப் பேரில் எட்டுப் பேர் சொன்னார்கள். நானும் அதையே எழுதிக் கொடுத்திருப்பேன். மகளிர் குழுவில் இருக்கும் ஓர் அக்காதான் தடுத்தார். "சுவர் இருக்கட்டும் கண்ணு. பெத்தவளுங்கள ஒருநாள் உக்கார வெச்சுக் கேளு" என்றார்.

கோயில் மண்டபத்தில் வைத்தால் காலனிப் பெண்கள் பாதிப் பேர் வர மாட்டார்கள் என்பது எனக்குத் தெரியும். அதனால் ரேஷன் கடைத் திடலில் கூடினோம். கோலமாவால் தரையில் தெருக்களை இழுத்தோம். ஆறு வயதுக்குள் பிள்ளை இருந்தால் அந்த வீட்டில் ஒரு புளியங்கொட்டை, இரண்டு வயது நிரம்பாத கைக்குழந்தை என்றால் ஒரு துவரை, மாசமாக இருக்கும் பெண்ணுக்கு மஞ்சள் துண்டு. நாங்களே நிறைவாகப் பார்த்துக்கொண்டிருந்தபோது ஒரு பாட்டி கேட்டார்: "செங்கச் சூளை எங்கடி? அங்க இருக்கறதெல்லாம் புள்ளைங்க இல்லியா?" சூளை எங்கள் படத்திலேயே இல்லை. வெளி மாவட்டத்திலிருந்து வந்து குடிசை போட்டிருக்கும் குடும்பங்கள். விசாரித்துவிட்டு ஆறு கொட்டைகள் வைத்தோம். எந்தப் பதிவேட்டிலும் அந்த ஆறு பேர் இல்லை.

அடுத்ததாக, "காலை ஏழு மணிக்கு இந்தப் பிள்ளை எங்கே இருக்கும்? அங்கே நகர்த்தி வையுங்கள்" என்று சொன்னோம். புளியங்கொட்டைகள் பெரும்பாலும் வீட்டிலேயே நின்றன. பத்து மணிக்கு மேல் பால்வாடிக்குப் போய்விடும் என்றார்கள். துவரைதான் ஊரெல்லாம் சிதறியது. சில பாட்டி வீட்டில், சில வயல் வரப்பில் புங்கமரத்துத் தூளியில், ஒன்று எட்டு வயது அக்காவின் இடுப்பில். அந்த அக்கா அன்றைக்குப் பள்ளிக்கூடம் போகவில்லை. ஒரு பெண் மட்டும் துவரையைக் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றாள். ஒன்பது மாதப் பெண் குழந்தை அவளுக்கு. மாமியாருக்குக் கண் சரியாகத் தெரியாது. இரண்டு பேரையும் உள்ளே வைத்துக் கதவைச் சாத்திவிட்டு வேலைக்குப் போகிறாள். "எங்க வெக்கிறதுன்னு தெரியலக்கா" என்றாள்.

அதற்குப் பிறகு எனக்குச் சுவர் ஞாபகமே வரவில்லை. பால்வாடியில் பிள்ளையைச் சேர்ப்பது இரண்டு வயதுக்கு மேல்தான். அதற்கு முன்பு சத்துமாவு வீட்டுக்கு வருகிறது. அதைக் கிண்டி, ஆற வைத்து, பிள்ளை முகம் பார்த்து ஊட்டுவதற்கு ஆள் எங்கிருந்து வரும்? இதற்கு வழி செய்த ஊர்க்காரர்கள் இருந்தால் உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்.

ஓய்வுபெற்ற டீச்சர், கொட்டாம்பட்டி, மதுரை மாவட்டம்:

தாயி, உன் கேள்வி எனக்கு நாற்பது வருடப் பழக்கம். 1980இல் உலக வங்கிக் கடனில் தமிழ்நாட்டில் ஊட்டச்சத்துத் திட்டம் தொடங்கியபோது முதலில் வந்தது எங்கள் கொட்டாம்பட்டி வட்டாரத்துக்குத்தான். பணியாளராக உள்ளூர்ப் பெண்களையே எடுத்தார்கள். ஏழை வீடாக இருந்தும் பிள்ளையை நோஞ்சானாக விடாத தாயாகப் பார்த்து எடுக்கச் சொல்லியிருந்தார்கள். பட்டணத்துப் படிப்பைவிட அது பெரிய தகுதி என்று இன்றைக்கும் நினைக்கிறேன்.

ஆறு மாதம் முதல் மூன்று வயது வரை உள்ள பிள்ளைகளை மாதாமாதம் எடை போட்டு அட்டையில் புள்ளி வைத்துக் கோடு இழுப்போம். கோடு ஏறாத பிள்ளைக்கு மட்டும் தொண்ணூறு நாள் சத்துணவு உருண்டை. எடை ஏறியதும் நிறுத்திவிடுவோம். உருண்டை பிடித்ததும் ஊர்ப் பெண்கள்தான்.

கடலை ஆய்கிற மாதங்களில் ஒரே தெருவில் நாலைந்து அட்டைகளில் கோடு படுத்துவிடும். நான் சின்னப் பெண், அதட்டலாகக் கேட்பேன்: "ஏன் ஒழுங்கா ஊட்டல?" ஒருத்தி அட்டையை என் மடியில் போட்டுவிட்டுச் சொன்னாள்: "ஊட்டணும்னா நான் வீட்ல இருக்கணும்ல டீச்சர்? நீங்க வந்து ஊட்டுங்க." அன்று இரவு நான் தூங்கவில்லை. அவள் சொன்னது நியாயம். மறுநாளிலிருந்து அந்த நாலைந்து பிள்ளைகளையும் மையத்துக்கே தூக்கிவரச் சொல்லி, பகலில் இரண்டு தடவை நானும் ஆயாவும் ஊட்டினோம். அடுத்த மாதம் கோடு ஏறியது. அதற்குப் பிறகு எந்தத் தாயிடமும் 'ஏன் ஊட்டல' என்று கேட்டதில்லை. 'எத்தனை மணிக்கு வேலைக்குப் போறே' என்றுதான் கேட்பேன்.

இன்னொன்று. 2005இல் வந்த நூறு நாள் வேலைச் சட்டத்திலேயே, வேலைத் தளத்துக்கு ஆறு வயதுக்குட்பட்ட பிள்ளைகள் ஐந்து பேரோ அதற்கு மேலோ வந்தால் அவர்களைப் பார்த்துக்கொள்ள ஒரு பெண்ணை அமர்த்த வேண்டும், அவளுக்கும் கூலி உண்டு என்று எழுதியிருந்தது. கேட்ட ஊருக்குக் கிடைத்தது.

தோட்டத்துப் பெண், ஹட்டன், இலங்கை:

அக்கா, நான் பிள்ளை மடுவத்தில் வளர்ந்தவள். எங்கள் மலையகத்துத் தேயிலைத் தோட்டங்களில் கைக்குழந்தைகளை விடுகிற இடத்துக்கு அதுதான் பெயர். பிள்ளைக் காம்பரா என்றும் சொல்வார்கள். இப்போது பலகையில் சிறுவர் அபிவிருத்தி நிலையம் என்று இருக்கும். அம்மா விடியக் காலையில் பெரட்டுக்கு, அதாவது வேலைக்கு ஆள் கணக்கெடுக்கிற இடத்துக்கு, போகுமுன் தம்பியை அங்கே விட்டுவிட்டு மலை ஏறுவா. இடையில் பால் கொடுக்க இறங்கி வருவா.

முந்திய காலத்து மடுவத்தை யாரும் புகழ மாட்டார்கள். வரிசையாகத் தொட்டில், ஈரக் கம்பளி, ஒரே ஆயம்மா. எங்கள் ஆயம்மா நல்லவ. சாயங்காலம் கொழுந்துக் கூடையோடு வரும் அம்மாவிடம், "தம்பி இன்னைக்கு ரெண்டு தரம் கஞ்சி குடிச்சான், கை தட்டுறான்" என்று ஒவ்வொன்றாகச் சொல்லுவா. அம்மா பிள்ளையைத் தூக்குமுன் அதைக் கேட்டு நிற்பா. களைப்பு அங்கேயே பாதி போய்விடும். எங்களுக்குப் பிறகு வந்த பிள்ளைகளுக்கு விளையாட்டுச் சாமான், படம், பாட்டு எல்லாம் வந்தன.

நீங்கள் இடம் பார்ப்பதற்கு முன்னமே ஒன்றை எழுத்தில் போட்டுக்கொள்ளுங்கள். தாய் பால் கொடுக்க வந்து போகிற நேரத்துக்குக் கூலியில் கை வைக்கக் கூடாது. அதைப் பேசாவிட்டால், நல்ல மடுவம் இருந்தாலும் தாய் இறங்கி வரப் பயப்படுவா.

லாரி ஓட்டுநர், நாமக்கல்:

என் அனுபவம் கொஞ்சம் வேறு. மாதத்தில் இருபது நாள் நான் ரோட்டில். பையனுக்கு இரண்டு வயது தாண்டியும் பேச்சு வரவில்லை. "ஆம்பளப் புள்ள லேட்டாத்தான் பேசும்" என்றார்கள், நம்பினேன். பால்வாடி டீச்சர்தான் அவன் முதுகுக்குப் பின்னால் தட்டைத் தட்டிப் பார்த்துவிட்டு, "தம்பி, இவன் திரும்பலப்பா" என்று என்னைக் கூப்பிட்டுச் சொன்னார். வருடத்துக்கு இரண்டு முறை அங்கன்வாடிக்கு வரும் டாக்டர் குழுவிடம் காட்டினோம். அவர்கள் மாவட்ட மருத்துவமனைக்கு அனுப்பினார்கள். இரண்டு காதிலும் கேட்கும் திறன் குறைவு. கருவி போட்ட அன்று வண்டி ஹாரனைக் கேட்டு அழுதான். நானும் அழுதேன்.

கருவியோடு வேலை முடியவில்லை. வாரா வாரம் பேச்சுப் பயிற்சிக்குப் போக வேண்டும், இரண்டு பஸ் மாறணும். என் மனைவி கைக்குழந்தையையும் தூக்கிக்கொண்டு போனாள். சுற்று ஊர்களில் இதேபோல் மூன்று பிள்ளைகள் இருப்பது எட்டு மாதம் கழித்துத்தான் தெரிந்தது. நாலு வீடும் சேர்ந்து ஒரே ஆட்டோ பிடித்திருக்கலாம். உங்கள் படத்தில் இப்படிப்பட்ட பிள்ளைக்கும் ஒரு குறி வையுங்கள். அப்பன்மார்களையும் கூப்பிடுங்கள். என்னை யாரும் கூப்பிட்டதில்லை, நானாகவும் போனதில்லை.

வார்டு உறுப்பினர், தர்மபுரி மாவட்டம்:

மே மாதம் எழுதுகிறேன். வேலைக்குப் போகும் தாய்மார்களின் கைக்குழந்தைகளைப் பகலில் பார்த்துக்கொள்ள ஓர் இடம் வேண்டும் என்று கிராம சபையில் தீர்மானம் போட்டோம். இடத்துக்குத்தான் பெரிய சண்டை. ஊர்த் தெருவில் வைத்தால் காலனிக்காரர்கள் வரத் தயங்குவார்கள், காலனியில் வைத்தால் ஊர்த் தெருக்காரர்கள் அனுப்ப மாட்டார்கள். கடைசியில் இரண்டுக்கும் நடுவில் பூட்டிக்கிடந்த பழைய நூலகக் கட்டடம். பார்த்துக்கொள்ள இரண்டு பெண்கள், தெருவுக்கு ஒருத்தி. இதில் மட்டும் நான் விட்டுக்கொடுக்கவில்லை. தண்ணீரும் கழிப்பறையும் ஊராட்சி செய்து கொடுத்தது. அந்த இருவருக்கும் தாய்மார்கள் நாளுக்குப் பத்து ரூபாய் தருகிறார்கள். அது போதாது. மகளிர் குழு மீதியைப் போடுகிறது, எத்தனை நாள் தாங்கும் என்று எனக்குக் கவலை.

முதல் வாரம் நாலே பிள்ளைகள், நாலும் ஒரே பக்கம். மூன்றாவது வாரம் துவரையைக் கையில் வைத்திருந்த அந்தப் பெண் வந்தாள். தூளிச் சேலையை வீட்டிலிருந்தே கொண்டுவந்து கட்டினாள். அவள் ஊர்த் தெரு, அன்றைக்கு முறை காலனி அக்காவுடையது. ஒரு நிமிடம் நின்றாள், பிறகு பிள்ளையை அந்த அக்கா கையில் கொடுத்துவிட்டு ஓடினாள், வேலைக்கு நேரமாகிவிட்டது. ஜனவரியில் 6 கிலோ 700 இருந்த குழந்தையை இந்த மாதம் நர்ஸம்மா எடை போட்டார். 7 கிலோ 700.

பால் கொடுக்கும் நேரத்தைப் பற்றி ஹட்டன் தங்கை சொன்னதைச் சூளைக்காரரிடம் பேசினோம். பாதி ஒத்துக்கொண்டார். மழை தொடங்கினால் சூளை மூடிவிடும், அந்த ஆறு பிள்ளைகளும் கிளம்பிவிடுவார்கள். எடை அட்டையை ஒவ்வொரு தாயின் கையிலும் கொடுத்தனுப்ப வேண்டும். எந்த ஊருக்குப் போகிறார்கள், அங்கே பால்வாடி எந்தத் தெருவில் என்று வீடு வீடாகக் கேட்டு எழுதிக்கொண்டிருக்கிறேன். நாலு வீடு முடிந்தது.