கார்த்திகைக்கு அகல் கடை: தேரடியில் எப்படிப் போடுவது?

கேள்வி: கார்த்திகை தீபத்துக்கு முந்தின வாரம் சென்னை திருவொற்றியூர் தேரடிப் பக்கம் தரையில் அகல் கடை போடணும். மண்பாண்டம் செய்யுற கொசப்பேட்டையில் 1,000 அகல் எடுக்கலாம்னு இருக்கேன். எதைப் பார்த்து எடுக்கணும்? மழை வந்தா?

பதில்: ரெண்டு அகலை ஒண்ணோட ஒண்ணு லேசா தட்டுங்க. ‘டங்’னு கேட்டா நல்லா வெந்தது. ‘டொக்’னு அமுங்கினா கீறல், இல்லேன்னா வேக்காடு பத்தலை. அப்புறம் சமதரையில் வெச்சு ஆடுதான்னு பாருங்க. ஆடுற அகல்ல எண்ணெய் ஒரு பக்கமா வழிஞ்சிடும். மூட்டையா கட்டாதீங்க, மூக்குதான் முதல்ல உடையும். கூடையில வரிசைக்கு வரிசை வைக்கோல் போட்டு அடுக்குங்க.

பதில்: தூசி போகக் கழுவுறதா இருந்தா போர் தண்ணி வேணாம். நம்ம பக்கம் உப்பு அதிகம். காய்ஞ்சதும் வெள்ளையா பூத்துடும், பூசணம்னு நினைச்சு வாங்கவே மாட்டாங்க. மெட்ரோ தண்ணியில (குடிநீர் வாரியத் தண்ணி) கழுவி, முழுசா காஞ்சப்புறம் பேப்பர்ல சுத்துங்க. புது அகல் எண்ணெயைக் குடிக்கும். ஏத்துறதுக்கு முன்னாடி சில மணி நேரம் தண்ணியில ஊறவெச்சுத் துடைக்கணும்னு வாங்குறவங்களுக்குச் சொல்லியே கொடுங்க.

பதில்: சுட்ட மண் மழையில கரையாது, கவலைப்படாதீங்க. பெயின்ட் அடிச்சது மட்டும் சாயம் போகும், அதை முதல்ல மூடுங்க. செங்கல் மேல பலகை போட்டா தெருத்தண்ணி ஏறாது. தார்ப்பாயைப் பின்பக்கம் சரிவா இழுத்துக் கட்டுங்க; தட்டையா கட்டினா நடுவுல தண்ணி தேங்கி மொத்தமா சரக்கு மேல சரியும். சில்லறை நிறைய வெச்சுக்கோங்க.