மறு: பிரிகர்சருக்குத் தமிழ்: முன்னறிகுறியா, வித்தா?

குழுவினருக்கு வணக்கம்.

நம் ரயில், டிராம் பாதுகாப்புக் கலைச்சொல் பட்டியலில் 'சேஃப்டி பெர்ஃபார்மன்ஸ் மானிட்டரிங்' என்பதற்குப் 'பாதுகாப்புச் செயல்திறன் கண்காணிப்பு' என்று ஒருவழியாக முடிவாகிவிட்டது. கொஞ்சம் நீளம்தான், ஆனாலும் அதில் எனக்குச் சண்டை இல்லை. சிக்கல் 'பிரிகர்சர்' என்ற சொல்லில்தான், அதாவது விபத்தாக மாறியிருக்கக்கூடிய பிசகைக் குறிக்கும் சொல்லில்.

> முன்னறிகுறி என்ற நல்ல சொல் இருக்கும்போது புதுச்சொல் எதற்கு?

அறிகுறி வேறு, இது வேறு ஐயா. உடம்பு வலித்தால் காய்ச்சல் வரப்போகிறது என்று தெரிந்துகொள்கிறோம். வலியே காய்ச்சலாக மாறுவதில்லை. ரயில் துறையில் பிரிகர்சர் என்பது நடந்தே முடிந்த ஒரு பிசகு. அன்றைக்கு நேரம் நன்றாக இருந்ததால் விபத்தாகவில்லை, அவ்வளவுதான். உறுப்பு நாடுகள் ஆண்டுதோறும் எண்ணிச் சொல்ல வேண்டியவை என்று ஐரோப்பிய ஒன்றியத்தின் ரயில் பாதுகாப்பு நெறியாணை தரும் பட்டியலைப் பாருங்கள்: முறிந்த தண்டவாளம், நெளிந்த பாதை, 'நில்' என்று காட்ட வேண்டிய இடத்தில் 'போ' என்று காட்டும் சிக்னல் பழுது, சிவப்பைத் தாண்டிய வண்டி, உடைந்த சக்கரம், உடைந்த அச்சு. ஆறுமே நிகழ்ந்தவை. குறி, சகுனம் எதுவும் இல்லை.

1999 அக்டோபர் 5 அன்று லண்டனில் லாட்புரோக் குரோவ் என்ற இடத்தில் இரண்டு ரயில்கள் மோதி 31 பேர் இறந்தார்கள். ஒரு வண்டி எஸ்என் 109 என்ற சிக்னலைச் சிவப்பில் தாண்டிப் போனது. அதே சிக்னலை முந்தைய ஆறு ஆண்டுகளில் எட்டு முறை வண்டிகள் அதேபோலத் தாண்டியிருந்தன. அந்த எட்டை 'முன்னறிகுறி' என்று எழுதிப் பாருங்கள், ஏதோ வானத்தில் வால்வெள்ளி தெரிந்த மாதிரி இருக்கிறது. எட்டில் ஒவ்வொன்றும் ஒரு மோதலாகியிருக்கக்கூடியது.

> 'முன்னோடி நிகழ்வு' என்று வைக்கலாமே?

தயவுசெய்து வேண்டாம். முறிந்த தண்டவாளத்துக்கு மாலை போட்டு மேடையில் உட்கார வைத்ததுபோல் ஆகிவிடும்.

> 'நூலிழைத் தப்பு' என்றால் எல்லாருக்கும் புரியுமே?

'நியர் மிஸ்' என்பதற்கு இதைவிட நல்ல சொல் கிடைக்காது, அதை அங்கே வைத்துக்கொள்வோம். ஆனால் நள்ளிரவில் வண்டியே இல்லாத பாதையில் தண்டவாளம் முறிந்து கிடந்தால், அங்கே தப்பிக்க ஆள் யாரும் இல்லை. அது நூலிழைத் தப்பு ஆகாது, பிரிகர்சர் ஆகும். நூலிழைத் தப்பு இதில் ஒரு வகை மட்டுமே.

அப்புறம் டிராம். 'சிக்னல் முன்பிசகு' என்று ஒருவர் எழுதியிருந்தார். அழகாகத்தான் இருக்கிறது, ஆனால் டிராம் பெரும்பாலும் ஓட்டுநரின் கண்பார்வையை நம்பி ஓடுகிற வண்டி. எதிரே தெரிகிற தூரத்துக்குள் நிறுத்த முடிகிற வேகத்தில் ஓட்ட வேண்டும் என்பதே அதன் விதி. 2016 நவம்பர் 9 அன்று குரொய்டன் நகரின் சாண்டிலண்ட்ஸ் வளைவில், மணிக்கு 20 கிலோமீட்டர் வேகத்தில் திரும்ப வேண்டிய டிராம் சுமார் 73 கிலோமீட்டர் வேகத்தில் வந்து கவிழ்ந்தது. 7 பேர் இறந்தார்கள். அதற்கு 9 நாள் முன்பு, அக்டோபர் 31 அன்று, வேறொரு டிராம் அதே வளைவில் கவிழும் நிலைக்கு அருகே போய்த் தப்பியிருந்தது. எந்தச் சிக்னலுக்கும் இதில் பங்கில்லை. ஆகவே ரயிலுக்கும் டிராமுக்கும் ஒருசேரப் பொருந்தும் சொல்தான் வேண்டும்.

என் முன்மொழிவு: 'வித்து நிகழ்வு'. விபத்தாக முளைக்கக்கூடியது, முளைக்காமலும் போகலாம். இதன் எண்ணிக்கையைக் காட்டும் அளவைக்கு 'வித்துச் சுட்டெண்'. நாடு முழுவதற்கும் சேர்த்துப் பார்க்கும்போது 'பத்து லட்சம் வண்டி-கிலோமீட்டருக்கு இத்தனை வித்து நிகழ்வுகள்' என்று தடங்கல் இல்லாமல் எழுத வருகிறது. இந்த எண் இல்லாவிட்டால் சிறிய டிராம் அமைப்புகளில் கண்காணிக்க எதுவுமே மிஞ்சாது. பல ஆண்டுகள் சாவு எண்ணிக்கை சுழியமாகவே இருக்கும், ஒரே காலையில் ஏழாகிவிடும். சுழியத்தை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தவருக்கு அதற்கு முந்தைய நாள் எதுவும் தெரிந்திருக்காது. அதேநேரம் வித்து எண்ணிக்கை கூடினால் உடனே பதறவும் கூடாது. ஊழியர்கள் பயமில்லாமல் சொல்லத் தொடங்கியதாலும் கூடும்.

எனக்கே இதில் ஒரு உறுத்தல் உண்டு. 'சதிக்கு வித்திட்டவர்' என்று செய்தித்தாள் தமிழில் பழகிவிட்டதால், யாரோ விதைத்தார்கள், அவரைப் பிடி என்ற தொனி வந்துவிடலாம். பழிதேடும் தொனி வந்தால் யாரும் எதையும் புகாரளிக்க மாட்டார்கள். அதனால் பெயர்ச்சொல்லாக மட்டும் ஆள்வோம். 'வித்திட்டது' என்று வினையாக்க வேண்டாம் என்று குறிப்பில் சேர்த்துவிடலாம். 'விபத்து வித்து' என்ற வடிவத்தையும் நானே வெட்டிவிட்டேன். எதுகை அதிகமாகி விளம்பர வாசகம் போல ஒலிக்கிறது.

சரி, இன்னொன்று பாக்கி இருக்கிறது. பலத்த காயம் பத்தை ஓர் உயிரிழப்புக்குச் சமமாகக் கணக்கிடும் அளவையில் வரும் 'வெயிட்டட்' என்பதற்கு 'எடையிட்ட' என்பதைவிட, பள்ளிப் புள்ளியியல் பாடத்தில் ஏற்கெனவே இருக்கிற 'நிறையிட்ட' என்பதையே எடுத்துக்கொள்ளலாம் என்று நினைக்கிறேன். மாற்றுக் கருத்து இருந்தால் தனி இழையில் எழுதுங்கள், இங்கே கலக்க வேண்டாம்.