டிம்பிள் பூட்டுக்கு எந்தக் கருவி வாங்குவது? சேலத்துச் சாவிக்கடையிலிருந்து ஒரு கேள்வி

செவ்வாய்ப்பேட்டை சாவிக்கடை எழுதியது:

வணக்கம். சேலம் செவ்வாய்ப்பேட்டையில் அப்பா முப்பது ஆண்டுகளுக்கு மேல் நடத்திய சாவிக்கடையை, அவருக்குக் கண்பார்வை மங்கிய பிறகு, இரண்டு ஆண்டுகளாக நான் பார்த்துவருகிறேன். திண்டுக்கல் பூட்டு, பீரோ பூட்டு, கடை ஷட்டர் பூட்டு ஆகியவற்றின் லீவர் வேலையை அப்பாவின் பக்கத்தில் உட்கார்ந்து பழகியதால், அரமும் வெற்றுச்சாவியும் இருந்தால் மூலச்சாவி இல்லாமலேயே புதிய சாவியை ராவிக் கொடுத்துவிடுவேன். ஓரத்தில் பல் வெட்டிய சாவி போடும் சாதாரணப் பின் பூட்டுகளும் (பின் என்பது சாவி தள்ளி நகர்த்தும் சிறு உலோகக் குச்சி) பெரும்பாலும் கைக்கு அடங்கிவிடும்.

எனக்குப் பிடிபடாமல் இருப்பவை டிம்பிள் பூட்டுகள்தான். நம் ஊரில் 'கம்ப்யூட்டர் சாவி' என்று சொல்கிறார்களே, தட்டையான முகத்தில் சிறு குழிகள் போட்ட சாவி, அதற்குரிய பூட்டைத்தான் சொல்கிறேன். ஐந்து ரோடு, ஃபேர்லேண்ட்ஸ் பக்கம் புதிதாக எழும் அடுக்குமாடி வீடுகளில் இந்தப் பூட்டுதான் அதிகம் இருக்கிறது. வாரத்தில் ஒன்றிரண்டு அழைப்பாவது வந்துவிடுகிறது. இதுவரை டிரில் போட்டுத்தான் திறந்திருக்கிறேன். போன மாதம் தனியாக வசிக்கும் ஒரு வயதான அம்மாவின் கதவை அப்படித் திறந்த பிறகு, அந்த 70 மில்லிமீட்டர் சிலிண்டருக்கு (பூட்டில் சாவி நுழையும், கழற்றி மாற்றக்கூடிய பகுதி) மாற்று என்னிடமும் இல்லை, கடைகளும் மூடிவிட்டன. அன்றிரவு அவர் கதவுக்கு முட்டாக நாற்காலியைச் சாய்த்துவைத்துக்கொண்டு தூங்கினார் என்று மறுநாள் சொன்னபோது எனக்கு மிகவும் வருத்தமாக இருந்தது.

அதன் பிறகு இணையத்தில் பன்னிரண்டு உருப்படிகள் கொண்ட டிம்பிள் கருவித் தொகுப்பு ஒன்றை வரவழைத்தேன். முதல் நாளே இரண்டு கம்பிகளின் முனை முறுக்கிக்கொண்டது. அடுத்து வாங்கும்போது பணத்தை வீணாக்க விரும்பவில்லை. கொடி போன்ற முனை உடையவை, அலுமினியத் தாள் சுற்றிய சாவி வடிவக் கருவி, அளவைப் படித்துச் சொல்லும் டிகோடர் எனப் பலவும் விற்கிறார்கள். இவற்றுள் தொழிலுக்கு உண்மையில் உதவுவது எது, திறப்பதோடு சாவியும் செய்து கொடுக்க எது வேண்டும் என்று அனுபவம் உள்ளவர்கள் சொன்னால் நன்றியுடன் ஏற்றுக்கொள்வேன்.

குகை பூட்டுப் பட்டறை எழுதியது:

தம்பி, நீங்கள் ஒரே கேள்வியாகக் கேட்டிருப்பது இரண்டு வேலைகள். பூட்டைத் திறப்பது வேறு, அதற்குச் சாவி செய்வது வேறு. லீவர் பூட்டில் பழகியவர்களுக்கு இந்த வேறுபாடு எளிதில் தோன்றாது. ஏனென்றால் அங்கே கரி பூசிய வெற்றுச்சாவியில் விழும் தடத்தைப் பார்த்து ராவிக்கொண்டே போனால், பூட்டு திறக்கும் நேரமும் சாவி முடியும் நேரமும் ஒன்றாகவே வந்துவிடும். டிம்பிள் பூட்டை முள் விட்டு, அதாவது சாவிக்குப் பதிலாக மெல்லிய கம்பியால் பின்களைத் தள்ளி, திறந்தீர்கள் என்றால் கதவு திறந்திருக்கும், ஆனால் எந்தக் குழி எவ்வளவு ஆழம் என்பது உங்களுக்குத் தெரிந்திருக்காது.

முதலில் திறக்கும் கருவியைப் பற்றிச் சொல்கிறேன். சாதாரணப் பின் பூட்டில் சாவியின் ஓரத்தில் பின்கள் உட்காருகின்றன. துளை உயரமாக இருப்பதால் கொக்கி முள்ளை நெம்புகோல் போலத் தூக்க இடம் கிடைக்கிறது. டிம்பிள் பூட்டில் பின்கள் சாவியின் அகலமான முகத்தில் வந்து உட்காருகின்றன. சாவியின் தடிமனே இரண்டரை, மூன்று மில்லிமீட்டர்தான் என்றால் பின்னுக்கு நேர் கீழே முள் ஆட எவ்வளவு இடம் இருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். அதனால்தான் கொடி முனை வந்தது. மெல்லிய கம்பியின் நுனியில் ஒரு சிறு தகடு கொடிபோலப் பக்கவாட்டில் நீட்டிக்கொண்டிருக்கும். கம்பியைத் தூக்காமல், விரல்களுக்கு இடையில் திரி உருட்டுவதுபோல் உருட்டினால் அந்தத் தகடு பின்னைத் தள்ளும். எல்லா விசையும் முறுக்காகவே போவதால், சரியாகப் பதப்படுத்தாத எஃகாக இருந்தால் உங்களுக்கு நேர்ந்ததுபோல முனை முறுக்கிக்கொள்ளும். பன்னிரண்டு மட்டமான கம்பிகளைவிட, நல்ல எஃகில் இடக்கொடி, வலக்கொடி ஒவ்வொன்றும் இரண்டு நீளங்களில் நான்கு கம்பிகள் இருந்தால் போதும். கைப்பிடி தடிமனாக இருக்கட்டும். மெல்லிய கைப்பிடியில் எவ்வளவு சுற்றினோம் என்பதை விரல் உணராது.

சாவியோடு சுழலும் உள் உருளையைத் திருப்பும் திசையில் அழுத்திப் பிடிக்கும் டென்ஷன் கம்பியில் கஞ்சம் பார்க்காதீர்கள். அது துளையின் ஓரத்தில் ஒதுங்கி, பின் வரிசைக்குக் குறுக்கே வராமல் நிற்க வேண்டும், அதே நேரத்தில் வழுக்கவும் கூடாது. புதியவர்கள் எல்லோரும் செய்யும் பிழை அதிக அழுத்தம் கொடுப்பதுதான். அழுத்தம் கூடினால் எல்லாப் பின்களும் ஒரே நேரத்தில் இறுகிவிடும், எது முதலில் பிடித்தது என்று தெரியாது. நடுவில் இடுப்புச் சிறுத்த ஸ்பூல் பின்கள் இருந்தால் உள் உருளை சற்றே சுழன்று திறந்துவிட்டதுபோல் ஏமாற்றும். அப்போது அழுத்தத்தைத் தளர்த்தினால் உருளை பின்னோக்கிப் போவதை விரல் உணரும். அதைப் பொறுமையாக விட்டுக்கொடுக்கத் தெரிந்தவர்தான் மேலே போக முடியும்.

அலுமினியத் தாள் கருவியை நானும் வைத்திருக்கிறேன். தாளின் மீது பின்கள் தாமாகவே குழி அழுத்திக்கொள்வது எளிய, ஒரே வரிசைப் பூட்டுகளில் வேலை செய்கிறது. ஆனால் ஒவ்வொரு வகைத் துளைக்கும் தனிக் கருவி தேவைப்படுகிறது, தாளை வெளியே எடுக்கும்போது தடங்கள் கலைந்துவிடுவதால் அதை அளந்து சாவி வெட்டவும் இயலாது. அதிர்வுக் கருவியையும், செருகித் தட்டித் திறக்கும் தட்டுச்சாவியையும் நான் வாடிக்கையாளர் பூட்டில் பயன்படுத்துவதில்லை. பின் உட்காரும் விளிம்பு அடிபட்டு, ஆறு மாதம் கழித்து அவருடைய நல்ல சாவியே இறுகத் தொடங்கும்.

இனி டிகோடர். துளைக்குள் விட்டு, கைப்பிடியில் உள்ள அளவுகோலில் ஆழத்தைப் படிக்கும் கருவிகள் உண்மையில் நன்றாகவே இயங்குகின்றன. ஆனால் அவை குறிப்பிட்ட ஒரு மாடலுக்கென்று செய்யப்பட்டவை, எல்லாப் பூட்டுக்கும் பொருந்தும் டிகோடர் என்று ஒருவர் விற்றால் வாங்காதீர்கள். நம் போன்ற கடைக்கு நம்பகமான டிகோடர் மைக்ரோமீட்டர்தான். பூட்டைத் திறந்த பிறகு சிலிண்டரைக் கழற்றி, கிளிப்பை எடுத்து, உள் உருளையின் விட்டமே உள்ள ஒரு உருண்டைக் கம்பியால் அதைப் பின்னாலிருந்து தள்ளினால், மேல் பின்களும் ஸ்பிரிங்குகளும் சிதறாமல் இருக்கும், சாவியைத் தொடும் கீழ்ப் பின்கள் மட்டும் கைக்கு வரும். மாத்திரை டப்பாவில் வரிசை மாறாமல் போட்டு ஒவ்வொன்றாக அளவெடுங்கள். குழி ஆழமாக இருந்தால் அதற்குரிய கீழ்ப் பின் அந்த அளவுக்கு நீளமாக இருக்கும்; குழிக்குக் கீழே மிஞ்சும் தடிமனையும் பின்னின் நீளத்தையும் கூட்டினால் எல்லா இடத்திலும் ஒரே எண் வரும். அந்த ஒரு கணக்கு புரிந்துவிட்டால் சாவி முழுவதையும் தாளில் எழுதிவிடலாம்.

பழகுவதற்கு வைஸில் பிடித்த பழைய சிலிண்டரே போதும். யாருடைய கதவிலும் ஓடிக்கொண்டிருக்கும் பூட்டில் பழகாதீர்கள்.

அம்மாப்பேட்டை டூல்ரூம் எழுதியது:

பட்டறைக்காரர் ஐயா சொன்னதோடு சாவி வெட்டும் பக்கத்தைச் சேர்க்க விரும்புகிறேன். நான் பூட்டுத் தொழில் செய்பவன் அல்லன். அச்சும் கேஜும் செய்யும் பட்டறையில் வேலை பார்ப்பவன். சேலத்துச் சாவிக்கடைகள் சில, தங்கள் இயந்திரத்தைச் சரிபார்க்க என்னிடம் வருகின்றன.

டிம்பிள் சாவியின் நகல் பொருந்தவில்லை என்று வரும் புகார்களில் பெரும்பாலானவற்றில் நான் கண்டது, ஊசியும் வெட்டியும் ஒரே உயரத்தில் இல்லாத குறைதான். நகல் இயந்திரத்தில் ஒரு பக்கம் மூலச்சாவியின் குழியைத் தடவும் ஊசி இருக்கும், மறுபக்கம் வெட்டி இருக்கும். வெட்டி தேய்ந்தோ, மாற்றிய பிறகு உயரம் சரிசெய்யப்படாமலோ இருந்தால் ஒவ்வொரு குழியின் ஆழமும் ஒரே அளவு தவறும். ஊசிமுனையின் கூம்புக் கோணமும் வெட்டிமுனையின் கோணமும் பொருந்தாவிட்டால் ஆழம் சரியாக வந்தாலும் குழியின் சரிவு வேறாகி, பின் குழியில் இறங்காமல் விளிம்பில் தொங்கும். நகலுக்கு நகல் எடுத்தால் பிழைகள் ஒன்றின் மேல் ஒன்று ஏறும். எனவே மூலச்சாவி கிடைத்தால் அதை ஊசியால் தடவுவதோடு நிறுத்தாமல், ஆழத்தையும் குழி மையத்தின் தூரத்தையும் அளந்து எழுதிவைத்து, அந்த எண்களுக்கு வெட்டுவதே சரியான முறை. 

இந்தச் சாவி ஒன்றும் புதிய சரக்கு அல்ல. சுவிட்சர்லாந்தின் காபா நிறுவனம் எப்படிப் போட்டாலும் நுழையும் குழிச்சாவியை 1934இல் கொண்டுவந்தது. இரு முகத்திலும் ஒரே குழி வரிசை இருப்பதால் சாவியைத் திருப்பிப் போட்டாலும் பூட்டுக்கு வேறுபாடு தெரியாது. உங்கள் கடைக்கு வரும் பூட்டுகளில் ஒரு வரிசைப் பின்கள் மட்டும் உள்ளவை பழகத் தக்கவை. பக்கவாட்டிலும் வரிசை உள்ளவை கடினம். 1973இல் இஸ்ரேலில் தொடங்கிய முல்-டி-லாக் நிறுவனத்தின் பூட்டுகளில் ஒரு பின்னுக்குள் இன்னொரு பின் தனியாக அசையும்; சாவியின் குழிக்கு உள்ளேயே இன்னொரு குழி இருக்கும். அப்படிக் குழிக்குள் குழி தெரிந்தால் முதல் ஓராண்டுக்கு அதைத் தொட வேண்டாம் என்பதே என் கருத்து. வாடிக்கையாளரிடம் நேர்மையாகச் சொல்லிவிட்டு, அவர் சம்மதித்தால் சிலிண்டரை மாற்றிக் கொடுங்கள். 60, 70 மில்லிமீட்டர் சிலிண்டர்கள் இரண்டிரண்டு வண்டியில் இருந்தால் அந்த அம்மாவுக்கு ஏற்பட்டது இன்னொருவருக்கு ஏற்படாது.

ஏற்காடு பங்களாக் காப்பாளர் எழுதியது:

மேலே எழுதியவர்கள் சேலத்துக் கதவுகளைப் பற்றி எழுதினார்கள். 20 கொண்டை ஊசி வளைவுகள் ஏறி இங்கே வந்தால் பூட்டின் கதையே வேறு. நான் ஒரு காபித் தோட்டத்து பங்களாவைப் பார்த்துக்கொள்கிறேன். ஐப்பசி, கார்த்திகையில் காலை பத்து மணிவரை பனிமூட்டம் வராந்தாவுக்குள்ளேயே நிற்கும். துளைக்குள் ஈரம் இறங்கி மெல்லிய ஸ்பிரிங்குகள் துருப்பிடிக்கும்.

மூன்று ஆண்டுகளுக்கு முன் எங்கள் பின்கதவு திறக்காமல் போனபோது வந்த சாவிக்காரர், பூட்டு கெட்டுவிட்டது என்று சொல்லி முள் விட்டு முக்கால் மணி நேரம் போராடினார். கடைசியில் கழற்றிப் பார்த்தால், எனக்கு முன் இருந்தவர் ஆண்டுக்கணக்கில் ஊற்றிய தேங்காய் எண்ணெய் தூசியோடு சேர்ந்து மெழுகுபோல் உறைந்து, நான்கு பின்கள் மேலேயே ஒட்டிக்கொண்டிருந்தன. டிம்பிள் பூட்டில் பின்களின் அசைவே மிகக் குறைவு என்பதால் சிறிதளவு பிசுக்கும் அதை நிறுத்திவிடுகிறது. தம்பி இங்கே மேலே வேலைக்கு வந்தால், முள்ளை எடுப்பதற்கு முன் துளையைச் சுத்தம் செய்யும் ஸ்பிரே அடித்துப் பத்து நிமிடம் விட்டுப் பாருங்கள். அன்றுமுதல் நான் கிராஃபைட் தூள்தான் போடுகிறேன். வாடிக்கையாளரின் சாவியே மறுபடி சுழன்றுவிட்டால் அதைவிட நல்ல வேலை வேறில்லை.

செவ்வாய்ப்பேட்டை சாவிக்கடை எழுதியது:

எல்லோருக்கும் என் மனமார்ந்த நன்றி. ஐயா சொன்னபடி நான்கு கொடிக் கம்பிகளும் நல்ல டென்ஷன் கம்பிகளும் மட்டும் வாங்கினேன். அந்த அம்மா வீட்டில் நான் துளைபோட்ட சிலிண்டரின் உட்பக்கப் பாதி சேதமில்லாமல் கடையில் கிடந்தது. அதை வைஸில் பிடித்து, கடை சாத்திய பிறகு தினமும் ஒரு மணி நேரம் முயன்றேன். ஒன்பதாம் நாள்தான் சுழன்றது. அழுத்தத்தைப் பாதியாகக் குறைத்த அன்றுதான் அது நடந்தது என்பதைப் பழகுபவர்களுக்காகக் குறிப்பிடுகிறேன். பின்னர் உருளையை வெளியே தள்ளி, ஆறு பின்களையும் அளந்து, குழிகளின் ஆழத்தைக் கணக்கிட்டு ஒரு சாவி வெட்டினேன். சாவி நுழைந்தது, சுழன்றது, ஆனால் எங்கோ ஒரு சிறு உரசல் இருந்தது. அப்பாவிடம் கொடுத்தேன். அவர் சாவியைப் பார்க்கவில்லை, நான்கைந்து முறை மெதுவாகச் செருகி எடுத்துவிட்டு, உள்ளிருந்து மூன்றாவது பின் குழியில் முழுவதும் உட்காரவில்லை என்றார். அளந்தபோது அந்தக் குழி 0.05 மில்லிமீட்டர் ஆழம் குறைவாக இருந்தது.

ஒரு ஐயம் மட்டும் மிஞ்சியிருக்கிறது. இரவில் அறிமுகமில்லாதவர் அழைத்துக் கதவைத் திறக்கச் சொன்னால் நீங்கள் எப்படி உறுதிசெய்துகொள்கிறீர்கள்?

குகை பூட்டுப் பட்டறை எழுதியது:

அடையாள அட்டையோடு, அந்த முகவரிக்கு வந்த மின்கட்டண ரசீதையோ வாடகை ஒப்பந்தத்தையோ கேட்பேன். அவை வீட்டுக்குள் மாட்டிக்கொண்டன என்றால், திறந்த உடனே எடுத்துக் காட்டச் சொல்வேன். பக்கத்து வீட்டுக்காரர் ஒருவரைக் கூப்பிட்டு அவர் முன்னிலையில்தான் வேலையைத் தொடங்குவேன். நோட்டில் தேதி, நேரம், முகவரி எழுதி இருவரிடமும் கையெழுத்து வாங்குவேன். இதற்கு முகம் சுளிப்பவரின் கதவை நான் திறந்ததில்லை. சாவி வெட்ட எடுத்த அளவுத் தாளைக் கடையில் வைத்துக்கொள்ளாதீர்கள், சாவியோடு சேர்த்து அவரிடமே கொடுத்துவிடுங்கள்.

அந்த மூன்றாம் குழியை இயந்திரத்தில் மறுபடி வைத்து வெட்ட வேண்டாம், மையம் விலகிவிடும். வெட்டிமுனையைக் கையிலேயே பிடித்து இரண்டு சுற்றுச் சுற்றிவிட்டு, அப்பாவிடமே மறுபடியும் கொடுத்துப் பாருங்கள்.