லேப் டைம் சொல்லும்போது டயரையும் சொல்லுங்கள்

டிராக்கில் ஒரு காரைச் சோதிக்கிறார்கள் என்றால் பலரும் குதிரைத்திறனையும் எடையையும் விசாரிப்பார்கள். நான் முதலில் குனிந்து டயரின் பக்கவாட்டில் என்ன எழுதியிருக்கிறது என்று படிப்பேன். நண்பர் ஒருவரின் காரை ஒரே நாளில் இரண்டு வகை டயரில் ஓட்டிப் பார்த்ததில் இருந்து வந்த பழக்கம் இது.

காலையில் சாதாரண ஸ்போர்ட்ஸ் டயர், மதியம் செமி ஸ்லிக், அதாவது ரேஸ் டயரைப் போலப் பள்ளங்கள் குறைந்த, அதிகம் பிடிக்கும் டயர். காரில் வேறு எதையும் தொடவில்லை. செமி ஸ்லிக்கில் லேப் டைம், அதாவது ஒரு சுற்றை முடிக்கும் நேரம், குறையும் என்பது எல்லோருக்கும் தெரிந்ததுதான். காரின் குணமே மாறிப்போகும் என்பதை அன்றுதான் உணர்ந்தேன். காலையில் வளைவுகளில் இறுக்கமாக நின்ற அதே சஸ்பென்ஷன், மதியம் மெத்தென்று சாய்ந்தது. பிடிப்பு கூடியதும் பக்கவாட்டு விசை கூடுகிறது, அதைத் தாங்க ஸ்பிரிங் போதவில்லை. பிரேக்கும் அப்படித்தான். இன்னும் தாமதமாக, இன்னும் பலமாக மிதிக்க டயர் இடம் கொடுத்தது. அந்தச் சூடெல்லாம் டிஸ்க்கில் இறங்கி, சில சுற்றுகளிலேயே பெடல் ஆழமாகப் போக ஆரம்பித்தது. "இந்தக் காருக்கு பிரேக் போதாது" என்று யாராவது எழுதினால், எந்த டயரில் என்று கேட்காமல் நான் ஏற்பதில்லை.

சூட்டைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். செமி ஸ்லிக் குளிர்ந்திருக்கும்போது வழுக்கும். சூடேறியதும் ஒட்டிக்கொள்ளும், அளவு மீறினால் மறுபடியும் நழுவும். டயருக்குள் காற்றின் வெப்பம் 10 டிகிரி செல்சியஸ் ஏறினால் அழுத்தம் ஒன்றரை பிஎஸ்ஐ வரை கூடும். அதனால் குறைந்த அழுத்தத்தில் கிளம்பி, டிராக் ஓரம் காரை நிறுத்தும் பிட்டுக்குள் வந்த உடனே, ஆறுவதற்குள் அளந்துவிட வேண்டும். புது டயர் தரும் நல்ல லேப்கள் சிலவே. சூடேறி ஆறி, சூடேறி ஆறி ரப்பர் இறுகிவிடும், தரையைத் தொடும் ரப்பர் கட்டை தேயாமல் இன்னும் மிச்சம் இருந்தாலும்கூட.

கம்பெனிகளின் சாதனை நேரங்களையும் இப்படித்தான் பார்க்கிறேன். 2022-இல் மெர்சிடிஸ் ஏஎம்ஜி ஒன் கார், ஜெர்மனியில் உள்ள நூர்பர்க்ரிங் நார்ட்ஷ்லைஃபே டிராக்கை 6 நிமிடம் 35.183 வினாடியில் சுற்றியது. போட்டிருந்தது அந்தக் காருக்கென்றே உருவான மிஷெலின் பைலட் ஸ்போர்ட் கப் 2 ஆர் டயர். அபாரமான ஓட்டம், சந்தேகமே இல்லை. ஆனால் அந்த நேரத்தைச் சாதாரண டயரில் ஓடிய காரோடு ஒப்பிட்டு எஞ்சினை எடைபோடுவது நியாயமில்லை.

நீங்களே இரண்டு டயர்களை ஒப்பிடுவதாக இருந்தால், கடைசியில் முதல் செட்டை மறுபடி மாட்டி ஓட்டிப் பாருங்கள். நேரம் போகப்போகத் தார் சூடேறும், டிராக்கில் ரப்பர் படியும், ஓட்டுபவருக்கும் வழி பழகிவிடும். அந்த லாபமெல்லாம் இரண்டாவது டயரின் கணக்கில் சேர்ந்துவிடும். அப்புறம், டிராக்கில் ஓட்டிய செமி ஸ்லிக்கிலேயே வீடு திரும்பும்போது மழை பிடித்தால் வேகத்தை நன்றாகக் குறைத்துவிடுங்கள். பள்ளம் குறைந்த கட்டை தேங்கிய தண்ணீரை வெளியே தள்ளாது.