கோயில் பெயரை எடுத்துவிட்டால் கதைக்கு என்ன குறை?

முள்வேலி:
போன மாதம் ஒரு சிற்றிதழுக்குக் கதை அனுப்பினேன். "கதை நன்றாக இருக்கிறது. கோயில் பெயரையும் சாதிப் பெயரையும் மட்டும் எடுத்துவிடுங்கள், வம்பு வேண்டாம்" என்று பதில் வந்தது. யாரும் புகார் கொடுக்கவில்லை, யாரும் கோபப்படவும் இல்லை. இனிமேல் கோபப்படப் போகிற யாரோ ஒருவருக்காக நான் இப்போதே வெட்ட வேண்டுமாம். எழுத்தாளர் பெருமாள்முருகனுக்கு நடந்ததைப் பார்த்து வந்த பயம் இது. பிள்ளையில்லாத தம்பதியைப் பற்றி, திருச்செங்கோட்டுக் கோயில் திருவிழாவை வைத்து அவர் எழுதிய 'மாதொருபாகன்' நாவல் 2010இல் வெளிவந்தது. நான்கு வருடம் யார் மனமும் புண்படவில்லை. 2014 டிசம்பரில்தான் திடீரென்று புண்பட்டது.

மலையடிவாரம்:
தம்பி, நான் திருச்செங்கோட்டுக்காரன். நான்கு வருடம் ஏன் கோபம் வரவில்லை என்றால், எங்கள் ஊரில் நாவல் படிப்பவர்கள் எத்தனை பேர்? சில பக்கங்களை மட்டும் நகலெடுத்துக் கொடுத்தபோதுதான் பலருக்கும் தெரிந்தது. என் பெரியம்மா பன்னிரண்டு வருடம் பிள்ளையில்லாமல் மலையேறி வேண்டிப் பெற்றவர் என் அண்ணன். அந்த வாரம் டீக்கடையில் ஒருவன் அவரைப் பார்த்து, "நீயும் சாமி கொடுத்த பிள்ளையா?" என்று கேட்டுச் சிரித்தான். நாவலில், பிள்ளையில்லாத பெண்கள் திருவிழா இரவில் முகம் தெரியாத ஆணோடு சேர்ந்து பெறும் பிள்ளைகளுக்கு அதுதான் பெயர். அண்ணன் ஒரு மாதம் அந்தக் கடைப் பக்கமே போகவில்லை. ஊர்ப் பெயரைப் போடாமல் எழுதியிருந்தால் இலக்கியம் செத்தா போயிருக்கும்?

முள்வேலி:
சிரித்தவனை விட்டுவிட்டு எழுதினவரைப் பிடித்தீர்கள்!

குமாஸ்தா:
வழக்கு விவரம் தெரியாமல் பேசுகிறோம். 2015 ஜனவரி 12 அன்று நாமக்கல்லில் மாவட்ட நிர்வாகம் ஒரு 'சமாதானப் பேச்சு' நடத்தியது. நிபந்தனையற்ற மன்னிப்பு, சர்ச்சைக்குரிய பகுதிகளை நீக்குவது, விற்காத பிரதிகளைத் திரும்பப் பெறுவது என்று அங்கே எழுதி வாங்கினார்கள். அதன் பிறகுதான் எழுத்தாளன் பெருமாள்முருகன் செத்துவிட்டான் என்று அவர் முகநூலில் எழுதினார். 2016 ஜூலை 5இல் சென்னை உயர் நீதிமன்றம் (சஞ்சய் கிஷன் கவுல், புஷ்பா சத்தியநாராயணா அமர்வு) அந்த ஒப்பந்தம் அவரைக் கட்டுப்படுத்தாது என்றது. புத்தகம் பிடிக்கவில்லையா, தூக்கிப் போடு என்றும் சொன்னது.

மத உணர்வைப் புண்படுத்துவது பற்றி 1927இல் வந்த இந்திய தண்டனைச் சட்டத்தின் 295ஏ பிரிவு (இப்போது அதற்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் 299) கேட்பதும் புண்பட்ட மனத்தை மட்டுமல்ல. வேண்டுமென்றே, கெட்ட எண்ணத்தோடு செய்தார் என்று காட்ட வேண்டும். 'ஒரே ஒரு கிராமத்திலே' படத்தின் சென்சார் சான்றிதழை உயர் நீதிமன்றம் ரத்து செய்தபோது, போராட்டம் வரும், கலவரம் வரும் என்று மிரட்டுவதற்காகக் கருத்தை அடக்கக் கூடாது என்று 1989இலேயே உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்துவிட்டது.

மலையடிவாரம்:
சட்டம் சரி. என் அண்ணனுக்கு எந்தப் பிரிவு?

குமாஸ்தா:
இல்லை ஐயா. கேலிக்கெல்லாம் பிரிவு இருந்தால் தமிழ்நாட்டில் பாதிப் பேர் உள்ளே இருக்க வேண்டும்.

ஆட்டுப்பட்டி:
தீர்ப்பைச் சொல்லிக் கைதட்டுகிறீர்கள். தீர்ப்பு வந்த வருடமே பெருமாள்முருகனின் அடுத்த நாவல் 'பூனாச்சி' வந்தது. மனிதர்களைப் பற்றி எழுத அச்சம் என்று முன்னுரையில் சொல்லிவிட்டு ஒரு வெள்ளாட்டைப் பற்றி எழுதியிருந்தார். சட்டத்தில் ஜெயித்தவர் ஏன் ஆட்டிடம் போக வேண்டும்? முள்வேலிக்குப் பதில் போட்ட ஆசிரியரும் கோர்ட்டுக்குப் பயப்படவில்லை. ஆட்சியர் அலுவலக அறைக்குத்தான் பயப்படுகிறார். தீர்ப்பு வரப் பதினெட்டு மாதம், அறைக்குக் கூப்பிட ஒரு போன் போதும்.

காவேரிக்கரை:
பயத்திலும் நல்ல நாவல் வந்ததே!

ஆட்டுப்பட்டி:
காலை உடைத்துவிட்டு, நொண்டி ஆடினதில் ஜெயித்தானே என்பது மாதிரி இருக்கிறது.

மலையடிவாரம்:
ஒன்று சொல்லிவிடுகிறேன். நாவலை எதிர்த்து எங்கள் ஊரில் கடையடைப்பு நடந்த அன்று நானும் கடையை மூடினேன். புத்தகத்தை அப்போது படித்திருக்கவில்லை. இரண்டு வருடம் கழித்துத்தான் முழுசாகப் படித்தேன். நாவலில் பிள்ளையில்லாத அந்தப் பொன்னா பேசுகிற இடமெல்லாம் எங்கள் பெரியம்மா பேசுவது மாதிரியே இருந்தது. விசேஷ வீட்டில் அவரை ஒதுக்கினது, மலட்டு வார்த்தை சொன்னது, எல்லாம் எங்கள் ஆட்கள்தான். அதற்கு ஒரு நாளும் கடையடைப்பு நடக்கவில்லை. இருந்தாலும் ஊர்ப் பெயர் விஷயத்தில் நான் சொன்னது சொன்னதுதான்.

முள்வேலி:
நன்றி அண்ணா. கதையை வேறு இதழுக்கு அனுப்பியிருக்கிறேன், கோயில் பெயரோடு.

மலையடிவாரம்:
எந்தக் கோயில் என்று நீங்கள் சொல்லவே இல்லையே தம்பி.